பேக்கிங் மேல் பழி

மேலப்பாளையம் சந்தையில் செவ்வாய்க்கிழமை ஆடு வாங்கப் போகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? விலை பேசுவதற்கு முன்னால் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். முதுகெலும்பின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். "நல்ல ஆடு பாய், நம்பி வாங்குங்க" என்று விற்கிறவர் எத்தனை தடவை சொன்னாலும் கை தானாக முதுகுக்குப் போய்விடும். இதே ஆள் தன் காருக்கு ஹெட் பேக்கிங் வாங்கும்போது கேட்கிற ஒரே கேள்வி, "ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?"

ஹெட் கேஸ்கட்டை எங்கள் பக்கத்தில் ஹெட் பேக்கிங் என்றுதான் சொல்வோம். எஞ்சின் பிளாக்குக்கும் அதன்மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு. எரியும் வாயு, தண்ணீர், எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் பிரித்து வைப்பது அதன் வேலை. அது தோற்றுப்போனால் "பேக்கிங் போயிருச்சு" என்கிறோம். எனக்கு இந்தச் சொல்லோடுதான் சண்டை. "பேக்கிங் போயிருச்சு" என்று சொன்ன உடனே குற்றவாளி யாரென்று முடிவாகிவிடுகிறது. அதற்கப்புறம் யாரும் எதையும் விசாரிப்பதில்லை. புதுசு வாங்கு, மாட்டு, காசை வாங்கு. ஆறு மாதம் கழித்துத் திரும்ப வா.

இதை எழுத வைத்தது என் மச்சானின் வண்டி.

ஒரே காருக்கு மூணு பேக்கிங்

அக்கா வீட்டுக்காரர் ஒரு பழைய ஸ்கோடா ஆக்டேவியா வைத்திருக்கிறார். 1.9 டிடிஐ டீசல். 2001-இல் இந்தியாவுக்கு வந்த கார் அது. நான்கு சிலிண்டர், 1896 சிசி, கம்பெனிக் கணக்கில் 90 குதிரைத்திறன். வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட். இந்த எஞ்சினுக்கு நாடு முழுக்க ரசிகர்கள் உண்டு. காரணம், கணினியில் மேப்பை மாற்றி டர்போ அழுத்தத்தையும் டீசல் அளவையும் கூட்டினால் வண்டி வேறு வண்டி ஆகிவிடும். மச்சான் வாங்கும்போதே அது ரீமேப் ஆன வண்டி. "நாலுவழிச் சாலைல மிதிச்சா பறக்குது மாப்ள" என்பார்.

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் ஒருநாள் ஹீட் முள் மேலே ஏறிவிட்டது. ரேடியேட்டர் ஓஸ் கல் மாதிரி விறைத்து நின்றது. தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தது. ஒரு பட்டறையில் ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து ஃபேசிங் போட்டு, புதுப் பேக்கிங் மாட்டினார்கள். நாலு மாதம் ஓடியது. மறுபடி அதே கதை. மறுபடி ஃபேசிங், இந்த முறை "தடிமனான பேக்கிங், தாங்கும்". அது மூன்று மாதம். மூன்றாவது தடவை வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பல அடுக்கு ஸ்டீல் பேக்கிங். ரேஸ் வண்டிகளுக்குப் போடுவது என்றார்கள். பெட்டியே கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. அதுவும் போய்விட்டது.

நல்லவேளையாக மச்சான் எதையும் தூக்கிப் போடாத ஆள். மூன்று பழைய பேக்கிங்கும் டிக்கியில் கிடந்தன. வீட்டு வாசலில் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். மூன்றும் வேறு வேறு வகை, வேறு வேறு விலை. ஆனால் கருகிய தடம் மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தது. மூன்றாவது, நான்காவது சிலிண்டர்களுக்கு நடுவில், தண்ணீர்த் துளையை ஒட்டி. மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் குறை காலில் இல்லை, அந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அடைப்பது எது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பேக்கிங் தனியாக எதையும் அடைப்பதில்லை. அடைப்பது போல்ட்டுகளின் இறுக்கம். பேக்கிங் அந்த இறுக்கத்தை வாங்கி, தேவையான கோடுகளில் பிரித்துக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு. இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 79.5 மி.மீ. அப்படியென்றால் பரப்பு சுமார் 49.6 சதுர செ.மீ. எரியும் நொடியில் உச்ச அழுத்தம் 150 பார் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அந்த ஒரு சிலிண்டர் ஹெட்டை மேலே தள்ளும் விசை ஏறக்குறைய 7.6 டன். எதிர்ப்பக்கம் ஹெட்டைக் கீழே பிடித்திருப்பவை பத்து போல்ட்டுகள். 12 மி.மீ. தடிமனுள்ள உயர்தர போல்ட் ஒன்று சரியாக இறுக்கினால் சுமார் 6 டன் பிடிக்கும். பத்தும் சேர்ந்து 60 டன். நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 15 டன். ஆக, தள்ளுவதைப் போல இரண்டு மடங்கு இழுத்துப் பிடித்திருக்கிறோம். கம்பெனி கொடுத்த வசதி அது.

இப்போது மேப்பை மாற்றுங்கள். உச்ச அழுத்தம் 180 பார் ஆனால் தள்ளும் விசை 9 டன்னைத் தாண்டுகிறது. இன்னும் 15-க்குக் கீழேதான். ஆனால் பழைய போல்ட்டையே திரும்பப் போட்டு, மரையில் கரியும் துருவும் இருந்து, இறுக்கம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டால்? 15 என்பது 10 ஆகிவிடும். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு டன்தான் இப்போது மொத்த வசதி. நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 1500 தடவை அடிக்கிறது. ஒவ்வொரு அடியிலும் ஹெட் மைக்ரான் கணக்கில் தூக்கிக்கொடுக்கும். அந்த இடைவெளியில் சூடான வாயு நுழையும். பேக்கிங் தின்னப்படுவது இப்படித்தான். தின்னது வாயு, வழி விட்டது இறுக்கம். பெயர் மட்டும் பேக்கிங்குக்கு.

இதனால்தான் இந்த எஞ்சினுக்கு போல்ட் இறுக்கும் முறை விநோதமாக இருக்கிறது. முதலில் 40 நியூட்டன் மீட்டர், பிறகு 60, அதன்பின் டார்க் ரெஞ்சை வைத்துவிட்டுக் கால் சுற்று, மறுபடி ஒரு கால் சுற்று. டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடும். போல்ட்டை நீட்டுவதற்குப் போவது பத்தில் ஒன்று. மரை அழுக்காக இருந்தால் அந்த ஒன்றும் குறையும். சுற்றின் கோணம் அப்படி ஏமாற்றாது. அரைச் சுற்று என்றால் மரை இவ்வளவு நகர்ந்தே ஆகவேண்டும், போல்ட் நீண்டே ஆகவேண்டும். அப்படி ஒருமுறை நீண்ட போல்ட்டை மறுபடி போடக்கூடாது. மச்சான் வண்டியில் மூன்று தடவையும் அதே பத்து போல்ட்டுகள். "போல்ட்டு நல்லாத்தானே தம்பி இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்பது பட்டறைக்காரர் கேட்ட நியாயமான கேள்வி. கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும். ரப்பர் போன ஜட்டியும் கொடியில் காயும்போது நல்லாத்தான் இருக்கும்.

போல்ட் இறங்கும் ஓட்டைகளையும் சொல்லவேண்டும். ஹெட்டைக் கழற்றும்போது அவற்றில் எண்ணெயும் தண்ணீரும் இறங்கித் தேங்கிவிடும். துடைக்காமல் போல்ட்டை இறக்கினால் அடியில் திரவம் அடைபட்டு நின்று, இறுக்கம் வந்துவிட்டது மாதிரி காட்டும். பிளாக்கே விரிசல் விட்டதும் உண்டு. ஒரு துணியையும் கொஞ்சம் காற்றையும் செலவழித்தால் தீரும் விஷயம்.

தடிமன் என்றால் பலமா?

இரண்டாவது தடவை போட்ட "தடிமனான பேக்கிங்" விவகாரத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் யமஹா ஆர்எக்ஸ்100 வைத்திருக்கும் பையன்களுக்கு இந்தப் பாடம் தெரியும். 50 மி.மீ. விட்டம், 50 மி.மீ. ஓட்டம், 98 சிசி. எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1985-இல் கொண்டுவந்து 1996-இல் நிறுத்திய டூ ஸ்ட்ரோக் வண்டி. இன்றைக்கும் அதற்குச் செப்புத் தகட்டில் பேக்கிங் வெட்டுகிறவர்கள் உண்டு. மெல்லிய பேக்கிங் போட்டால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி குறையும், கம்ப்ரெஷன் கூடும், இழுவை வரும், ஆனால் அளவு மீறினால் பிஸ்டன் தட்டும் அல்லது உருகும் என்று அவர்கள் அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள். அதாவது பேக்கிங் அடைப்பான் மட்டும் இல்லை, அது எஞ்சினுக்குள் ஓர் அளவு. கார் பட்டறைக்கு வந்ததும் இந்த அறிவு எங்கே போகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

1.9 டிடிஐ எஞ்சினுக்குக் கம்பெனியே மூன்று தடிமனில் பேக்கிங் கொடுக்கிறது: 1.45, 1.53, 1.61 மி.மீ. ஓரத்தில் இருக்கும் துளைகளை எண்ணி அடையாளம் காணலாம். ஒரு துளை, இரண்டு துளை, மூன்று துளை. எதைப் போடுவது என்பதை பலம், விலை எதுவும் தீர்மானிப்பதில்லை. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது பிளாக்கின் தளத்தைவிட எவ்வளவு துருத்துகிறது என்று டயல் கேஜ் வைத்து நான்கு பிஸ்டனையும் அளக்கவேண்டும். அதிகமாகத் துருத்துவது எதுவோ அதுதான் கணக்கு. 0.91 முதல் 1.00 மி.மீ. வரை என்றால் ஒரு துளை. 1.01 முதல் 1.10 வரை இரண்டு. 1.11 முதல் 1.20 வரை மூன்று. துருத்தல் கூடினால் தடிமன் கூடுகிறது, இடைவெளி அப்படியே நிற்கிறது. தையல்காரர் அளவெடுப்பது மாதிரி. எக்ஸ்எல் சட்டை எம் சட்டையைவிட உறுதி என்று யாராவது சொல்வார்களா?

"ரீமேப் வண்டிக்குக் கம்ப்ரெஷனைக் குறைச்சா பேக்கிங் தாங்கும், அதான் தடிமன் போடுதோம்" என்பது கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் வாதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த எஞ்சினின் கம்ப்ரெஷன் விகிதம் 19.5. ஒரு துளைப் பேக்கிங்கை எடுத்துவிட்டு மூன்று துளை போட்டால் 0.16 மி.மீ. வித்தியாசம். ஒரு சிலிண்டருக்கு 0.8 சிசி இடம் கூடும். விகிதம் சுமார் 19 ஆகும். அழுத்தி முடிக்கும்போதுள்ள அழுத்தம் 4 சதவீதம் போலக் குறையும். அதே நேரத்தில் ரீமேப்பில் டர்போவை 1 பாரிலிருந்து 1.4-க்கு ஏற்றியிருந்தால், வெளிக்காற்றையும் சேர்த்து 2 என்பது 2.4 ஆகிறது. 20 சதவீதம் ஏற்றம். வலது கையால் இருபது ரூபாய் செலவழித்துவிட்டு இடது கையால் நாலு ரூபாய் சேமித்த கதை.

பெட்டியைப் பார்த்து வாங்கியது

மூன்றாவது பேக்கிங்கைப் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம். பல அடுக்கு ஸ்டீல் பேக்கிங் உண்மையிலேயே நல்ல பொருள். மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல் தகடுகள், துளைகளைச் சுற்றிப் புடைத்த வரம்புகள், மேலே ரப்பர் பூச்சு. ஹெட் மைக்ரான் கணக்கில் தூக்கும்போது அந்தப் புடைப்பு ஸ்பிரிங் மாதிரி கூடவே எழுந்து இடைவெளியை மூடும். பழைய கிராஃபைட், ஃபைபர் பேக்கிங்குகளுக்கு அந்த அளவு மீட்சி கிடையாது. செப்புத் தகட்டுக்கு இன்னும் குறைவு. அதனால்தான் அதிக அழுத்தமுள்ள புதிய எஞ்சின்களில் பெரும்பாலும் ஸ்டீல் வந்துவிட்டது.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கிராஃபைட் மிருதுவானது. மேற்பரப்பில் கோடு, கீறல் இருந்தால் அதற்குள் அமுங்கி நிரப்பிக்கொள்ளும். இரண்டு மைக்ரான் கரடுமுரடு இருந்தாலும் சமாளிக்கும். ஸ்டீல் அப்படி அமுங்காது, அதன் பூச்சும் மிக மெல்லியது. அதற்கு 0.8 முதல் 1.3 மைக்ரானுக்குள் வழுவழுப்பான தளம் வேண்டும் என்பது இதைச் செய்கிறவர்கள் பொதுவாகச் சொல்லும் எண். நகத்தால் கீறிப் பார்த்தால் நகம் எதிலும் மாட்டக்கூடாது. மச்சான் வண்டியின் ஹெட்டில் லேத் வெட்டிய வட்டக் கோடுகள் கிராமஃபோன் தட்டு மாதிரி தெரிந்தன. நகம் டர்ரென்று ஓடியது. அந்தத் தளத்துக்கு விலை குறைந்த கிராஃபைட் பேக்கிங்கே மேல். விலை உயர்ந்த பொருளை அதற்குப் பொருந்தாத இடத்தில் வைத்துவிட்டு "ரேஸ் பேக்கிங்கே நிக்கல, எஞ்சின் ராசியில்லை" என்று முடித்துவிட்டார்கள்.

தளத்தைச் சுத்தம் செய்யும் விதமும் இதில் வரும். டிரில் மெஷினில் உரசும் பட்டையை மாட்டி பளபளவென்று தேய்ப்பது பார்க்க அழகு. அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். பறக்கும் தூள் எண்ணெயில் இறங்கி பேரிங்கைத் தின்னும். பழைய லாரி, டிராக்டர் எஞ்சின் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்தக் காலப் பேக்கிங்குகள் ஆஸ்பெஸ்டாஸில் செய்தவை. காய்ந்த நிலையில் சுரண்டினால் நுரையீரலுக்குப் போகும். நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள். பட்டறையில் நிற்கும் பதினேழு வயதுப் பையன்தான் எப்போதும் இந்த வேலையைச் செய்கிறான் என்பதால் சொல்கிறேன்.

சிலிக்கான் பேஸ்ட் பூசுவது பற்றி ஒரு வரி போதும். ஸ்டீல் பேக்கிங்கின் மேல் பேஸ்ட் பூசினால், அதன் பூச்சு செய்யவேண்டிய வேலையைக் கெடுக்கிறோம். பிதுங்கிய பேஸ்ட் தண்ணீர் வழியிலும் எண்ணெய் வழியிலும் போய் அடைக்கும்.

இன்னொன்று, அலுமினியமும் இரும்பும் ஒரே மாதிரி விரிவதில்லை. அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 400 மி.மீ. நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால், பிளாக்கைவிட சுமார் 0.38 மி.மீ. அதிகம் நீளும். காலையில் வண்டியை எடுத்து இரவு நிறுத்துவதற்குள் ஹெட் பேக்கிங்கின்மேல் ஒருமுறை ஊர்ந்து, திரும்ப ஊர்ந்து வருகிறது. கரடான தளம் என்றால் இது அரம் வைத்து ராவுவது மாதிரி.

ஹெட்டை மட்டும் திருத்தினார்கள்

பேக்கிங் போனால் ஹெட்டை லேத்துக்கு அனுப்புவது ஊர்ப் பழக்கம். இந்த டீசல் ஹெட்டை ஃபேசிங் போடக்கூடாது என்பது கம்பெனிக் கையேட்டு விதி. 0.1 மி.மீ.-க்கு மேல் வளைந்திருந்தால் ஹெட்டையே மாற்றவேண்டும். காரணம் எளிது. ஹெட்டின் அடிப்பக்கம் தட்டையானது. வால்வுகள் அந்தத் தளத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. தளத்தைச் சீவினால் வால்வு பிஸ்டனுக்கு அருகே வந்துவிடும். மேலே வரும் பிஸ்டனே ஒரு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும் எஞ்சினில் அது விளையாட்டு இல்லை.

"அப்ப புது ஹெட்டு வாங்கச் சொன்னா வண்டிக்காரரு நிப்பாரா?" என்று கேட்பது புரிகிறது. நிற்கமாட்டார். எனவே சீவுகிறார்கள். ஆனால் சீவுவதற்கு முன்னால் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்புப் பட்டையும் ஃபில்லர் கேஜும் வைத்துப் பார்த்தார்களா? இரண்டு தடவையும் இல்லை. வளைவே இல்லாத ஹெட்டைக்கூட சீவியிருக்கலாம்.

அதைவிட முக்கியம், பிளாக்கை யாருமே பார்க்கவில்லை. ஹெட் கழற்றக்கூடியது, சைக்கிளில் வைத்துக்கூட லேத்துக்குக் கொண்டுபோகலாம். பிளாக் வண்டிக்குள் இருக்கிறது. அதனால் தப்பு எப்போதும் ஹெட்டில்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொள்கிறோம்.

ஹெட்டை நான்காவது தடவை கழற்றியபோது நானும் போயிருந்தேன். இந்த முறை வேறு பட்டறை. பெரியவர் ஒருவர், அதிகம் பேசமாட்டார். பிளாக்கின்மேல் பட்டையை நீளவாக்கில் வைத்தார், பிறகு குறுக்கே, பிறகு மூலைக்கு மூலை. மூன்றாவது, நான்காவது சிலிண்டருக்கு நடுவில் 0.10 மி.மீ. தகடு தடையில்லாமல் உள்ளே போனது. 0.12 கொஞ்சம் பிடித்துக்கொண்டு போனது. டார்ச் அடித்துக் காட்டினார். தண்ணீர்த் துளையின் ஓரத்தில் இரும்பு அரித்துக் குழி விழுந்திருந்தது. கூலன்ட் ஊற்றாமல் வருடக்கணக்காக போர் தண்ணீர் ஊற்றியதன் பலன். அதே உப்பு ரேடியேட்டரில் பாதிக் குழாய்களை அடைத்திருந்தது. வண்டி சூடானதற்கும் அதுதான் காரணம். மூன்று பேக்கிங்கும் ஒரே இடத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. எவரும் பார்க்கவில்லை.

பிஸ்டன் துருத்தலை அளந்தார். அதிகபட்சம் 0.96. அதாவது இந்த எஞ்சினுக்கு ஒரு துளைப் பேக்கிங்தான் சரி. மச்சான் முகத்தைப் பார்த்தேன். "அப்ப தடிமன் போட்டது தப்பா?" தப்புதான்.

எஞ்சினை இறக்கி, பிளாக்கின் தளத்தை 0.15 மி.மீ. சீவி, குழியை எடுத்தார்கள். ஏற்கெனவே இரண்டு முறை சீவிய ஹெட்டைத் தள்ளிவிட்டு, சென்னை புதுப்பேட்டையில் தேடி ஃபேசிங் படாத பழைய ஹெட் ஒன்று வந்தது. பிளாக் 0.15 குறைந்ததால் பிஸ்டன் துருத்தல் இப்போது 1.11. அட்டவணையில் பாருங்கள், மூன்று துளை. போன வருடம் தப்பாக இருந்த அதே தடிமன் இந்த வருடம் சரியாகிவிட்டது. பேக்கிங் மாறவில்லை. நடுவில் ஓர் அளவு வந்திருக்கிறது, அவ்வளவுதான். பத்து புது போல்ட், புது ரேடியேட்டர், ஒழுங்கான கூலன்ட், மேப்பிலும் கொஞ்சம் இறக்கம். வண்டி அதே ஆரியங்காவு ஏற்றத்தை ஏறி இறங்கிவிட்டது.

அளக்கக் கூலி உண்டா?

பட்டறைக்காரர்களைத் திட்டுவது சுலபம், அதோடு இதை முடித்துக்கொள்ளலாம். ஆனால் பில்லைப் பாருங்கள். முதல் மூன்று பில்லிலும் இருந்தவை: பேக்கிங் விலை, லேத் கூலி, கழற்றி மாட்டக் கூலி. அளந்ததற்கு என்று ஒரு வரிகூட இல்லை. கூலி இல்லாத வேலையை யார் செய்வார்? டயல் கேஜ் வாங்க ஒரு பட்டறைக்காரருக்கு என்ன காரணம் இருக்கிறது? நாம் பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், வியர்வைக்குக் காசு கொடுக்கிறோம். "பார்த்தேன், வளைவு இல்லை" என்ற சொல்லுக்குக் காசு கொடுப்பதில்லை.

பந்தயத்தில் இது வேறு. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டினார். அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் ஓடுகிறது. எல்லாரும் ஒரே வகை எஞ்சினில் ஓடும் பந்தயங்களில், எஞ்சினுக்கு சீல் வைப்பதும் சந்தேகம் வந்தால் பிரித்து அளப்பதும் நடைமுறை. ஒரு பத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வெற்றியை மாற்றிவிடும் என்பதால் அங்கே அளப்பது கட்டாயம். நம் ரீல்ஸில் ரேஸ் எஞ்சின் என்று காட்டுவது பெட்டியையும் பிராண்டையும். ரேஸ்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டிய ஃபில்லர் கேஜை விட்டுவிட்டு, அவர்களுடைய ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டோம்.

உங்கள் வண்டிக்கு இது வந்தால் பட்டறையில் கேட்கவேண்டியவை இவை. ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால், ரேடியேட்டர் வாயில் எரிவாயு வருகிறதா என்று நிறம் மாறும் திரவம் வைத்துப் பாருங்கள் என்று சொல்லுங்கள். நீலம் மஞ்சளானால் வாயு கலக்கிறது. பழைய பேக்கிங்கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எந்த இடத்தில் கருகியது என்று பாருங்கள். ஹெட், பிளாக் இரண்டிலும் பட்டை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். டீசல் என்றால் பிஸ்டன் துருத்தல் எவ்வளவு என்று எண்ணைக் கேளுங்கள். போல்ட் புதுசா என்று கேளுங்கள். எதனால் சூடானது என்று கேளுங்கள். இவ்வளவுக்கும் பதில் கிடைத்த பிறகு எந்தப் பேக்கிங் என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகியிருக்கும்.

பெரியவர் கொடுத்த பில்லில் கடைசிக்கு முந்தின வரி: "அளவு பார்த்தது". பக்கத்தில் ஒரு சின்னத் தொகை. ஒரு பேக்கிங் விலையில் பாதிகூட வராது. மொத்தப் பணத்தையும் பேசாமல் எண்ணிக் கொடுத்த மச்சான் அந்த வரியில் விரலை வைத்தார்.

"பாய், அளந்து பாத்ததுக்கெல்லாமா காசு? இதக் கொறச்சிக்கிடுங்க."

நான் குறுக்கே போய் அந்தத் தொகையை என் கையிலிருந்து கொடுத்தேன். முதல் பட்டறையில், இரண்டாவது தடவை கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியது நான்தான்.